ஈறின் நிறம்

கிட்டத்தட்ட ஒரு வருடம், காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே நான் செய்த முதல் வேலை எங்கள் நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பது. வாசல் கதவைத் திறந்து, வெளிச்சம் நேராக விழும் இடத்தில் அவளை உட்காரவைத்து, கட்டைவிரலால் உதட்டை மேலே தள்ளினால் ஈறு தெரியும். அது என்ன நிறத்தில் இருக்கிறதோ, அன்றைய நாளும் அப்படித்தான். சில காலைகளில் கதவைத் திறக்கவே பயமாக இருக்கும். பாயில் படுத்தபடியே அவள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்கும். அப்படியும் எழுந்திருக்க மாட்டேன். பார்க்காதவரை அது நேற்றைய நிறம்தான் என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. பெங்களூரில், தொம்மலூரின் பழைய ஊர்ப்பக்கம், இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீடு. அப்பா பெயின்டர். அம்மா பக்கத்து அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்குச் சமையல் செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் இரு பக்கத்து உறவிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். முடித்து, அமெரிக்க மருத்துவர்கள் ஒலிநாடாவில் பேசுவதைக் காதில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வாயில் நுழையாத நோய்ப் பெயர்களையெல்லாம் ஓர் எழுத்து பிசகாமல் அடிப்பேன். அந்த நோய் மனிதரை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அந்த வேலையில் அவசியம் இல்லை. சொல் சரியாக விழுந்தால் போதும்.

தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், பள்ளிக்கூட நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு. வந்தவர்கள் நின்றுகொண்டிருக்க, நான் நிதானமாகத் தாளைப் பிரித்து, முதலில் எனக்குள் படித்து, பிறகு சொல்வேன். அந்த நிதானத்தில் ஒரு ருசி இருந்தது. அதை இப்போது மறைப்பதற்கில்லை.

நாய் அப்பா கொண்டுவந்தது. ஒரு புதுக் கட்டடத்தில் வேலை செய்தபோது டிஸ்டம்பர் பெயின்ட் வாளிக்குள் வாலை விட்டுக்கொண்ட குட்டியை, வால் நீலமாகவே இருக்க, சைக்கிள் கூடையில் வைத்து எடுத்துவந்தார். சாதாரண நாட்டு நாய். செம்மண் நிற உடம்பு, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அம்மா முதலில் திட்டினாள், பிறகு குட்டிக்கென்று தனியாக வெறும் சோறு வடித்தாள். நான்கு வருடத்தில் அவள் ஒருநாள்கூட நோய் என்று படுத்ததில்லை.

அந்த ஜூலையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், அவள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் போய்ச் சிமென்ட் தரையில் படுத்தாள். சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் இரண்டே படி. ஒன்றை ஏறிவிட்டு, அடுத்ததற்கு முன் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"ஏய், இங்க வந்து பாருடி. மூத்திரம் டீத்தண்ணி மாதிரி போகுது."

கண்ணின் வெள்ளையும் மஞ்சளாக இருந்தது. காமாலை என்று அம்மா முடிவுகட்டினாள். காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து இரண்டு நாள் ஊற்றினாள். எனக்கும் சிறுவயதில் அதைத்தான் ஊற்றினாள், நான் பிழைத்தேன், ஆகவே நானும் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு எங்கள் வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. வெள்ளை.

ஆட்டோவில் நாய் டாக்டரிடம் போனோம். அவர் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். காலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, அதன்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒன்றாகக் கலந்து பரவ வேண்டிய ரத்தம் சின்னச் சின்ன மணிகளாகப் பிரிந்து நின்றது.

அப்பா எட்டிப் பார்த்தார். "பெயின்ட் திரிஞ்சா இப்டித்தான் நிக்கும்" என்றார்.

டாக்டர் உண்ணிக் காய்ச்சலா என்றும் சோதித்தார். இல்லை. பிறகு நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் என் நோட்டில் எழுதிவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஓதிதீரா?" என்றார். படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்.

"ஹௌது சார். பி.காம்."

அதன் பிறகு அவர் அம்மா அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை, என்னிடம் மட்டும் பேசினார். மாத்திரையை ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது, தினமும் ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும். சொல்லிவிட்டு, "நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், படித்தவர்தானே" என்றார். அறை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வீடு திரும்பும்போது அம்மா கேட்டாள். "இன்னா நோவுன்னு சொன்னாரு?"

"அவ ரத்தத்த அவ ஒடம்பே எதிரின்னு நெனைச்சி அழிக்குதும்மா."

அம்மா நாயைப் பார்த்தாள். "வூட்டு ஆளையே திருடன்னு நெனைச்சிக் கொலைக்கிற நாய் மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"கழுத. இவ யாரையுமே பாத்துக் கொலைச்சதில்லையே" என்று மடியில் கிடந்த தலையைத் தடவினாள்.

மறுநாள் காலை உதட்டைத் தூக்கிவிட்டு நான் நோட்டில் 'வெளிறி இருக்கிறது' என்று எழுதினேன். அதற்கு மறுநாளும் 'வெளிறி இருக்கிறது.' இரண்டும் ஒரே வெளிறலா, இல்லையா? எனக்குத் தெரியவில்லை. அப்பா உள்ளே போய் அவர் தொழில் பையிலிருந்து ஷேடு கார்டை எடுத்துவந்தார். பெயின்ட் கடையில் கொடுக்கும் வண்ண அட்டை. வீட்டுக்காரர்கள் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்பது அதைப் பார்த்துத்தான். ரோஜா நிறங்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தைப் பிரித்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே இங்கிலீஷில் ஒரு பெயர் இருந்தது. நான் படித்துக் காட்டப் போனேன்.

"பேரு கெடக்குது வுடு. வெள்ளைல செவப்பு ஒரு சொட்டு வுட்டா இந்தக் கலரு வரும். நல்லா இருந்தப்போ இவளுக்கு நாலு சொட்டு."

அன்றைக்கு ஒரு சொட்டு. நான் அதையே எழுதினேன். அப்பா அந்தக் கட்டத்தின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டார்.

அலுவலகம் முடிந்து அந்த மாலையே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஒட்டுப்பலகைத் தடுப்புகள் வைத்த இருட்டு அறை, பக்கத்துத் தடுப்பில் யாரோ வெளிநாட்டில் இருப்பவரிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நோயின் பெயரை அடித்தேன். ஒரு பக்கம் வந்தது. நாய் வளர்ப்பவர்களுக்காக யாரோ ஒரு மருத்துவர் எளிமையாக எழுதியது. பிரின்ட் எடுத்து, வெளியே தெருவிளக்கடியில் நின்று படிக்க ஆரம்பித்தேன். நோய் என்ன, ஏன் வருகிறது, மாத்திரை என்ன செய்யும். எல்லாம் புரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. தாளின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வரி. இந்த நோய் வந்த பல நாய்கள் முதல் சில வாரங்களைத் தாண்டுவதில்லை.

அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. கண் போகவில்லை. அந்த வரி உள்ளே போகும்படி தாளை மடித்து, நகத்தால் அழுத்தி, பைக்குள் வைத்தேன்.

வீட்டில் இருவரும் காத்திருந்தார்கள். அம்மா அடுப்பைக்கூடச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல நிதானமாகத் தாளை எடுத்து, மேல் பாதியை மட்டும் பிரித்து, தமிழில் சொன்னேன்.

"கடைசில இன்னா போட்டிருக்குது?" என்றார் அப்பா.

"மாத்திர ஒழுங்கா குடுத்தா சரியாயிடும்னு போட்டிருக்குதுப்பா."

அவர்கள் நம்பினார்கள். நான் படித்துச் சொன்ன எதையும் அவர்கள் நம்பாமல் இருந்ததில்லை.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில், இதே நோய் கண்ட நாய்களை வைத்திருப்பவர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவின் முகவரி இருந்தது. அதில் சேர்ந்து, பெங்களூர் தொம்மலூர் என்று ஊரையும் போட்டு, என் அலுவலக இங்கிலீஷில் நான்கு வரி எழுதினேன். மறுநாள் மாலைக்குள் ஆறு பதில்கள். பார்த்திராத ஊர்களிலிருந்து, பார்த்திராத மனிதர்கள். ஒருவர் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடு என்றார். ஒருவர், நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், பசி பசி என்று அலையும், அது மருந்தின் வேலை, பயப்படாதே என்றார். ஆறாவது கடிதம் எங்கள் ஊரிலிருந்தே ஒரு பெண் எழுதியது. "நானும் பெங்களூர்தான், பிரேசர் டவுன். என் நாய்க்கும் இதே நோய். தமிழ் பேசுவேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு." கீழே தொலைபேசி எண்.

எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கூப்பிடவில்லை. என் அம்மா இப்படிப்பட்ட வசதிக்காரர்கள் வீடுகளுக்குப் பின்பக்கக் கதவு வழியாகப் போகிறவள். கணினியில் நான் அந்தப் பெண்ணுக்குச் சமமாக எழுதியிருந்தேன். குரல் கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எது தெரிந்துவிடும் என்பதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் நாய் பிழைத்ததா என்று அவர் எழுதவில்லை. அதைக் கேட்கவும் பயம்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு சொட்டு ஒன்றரை ஆனது, பிறகு இரண்டு. வாழைப்பழத்துண்டில் மாத்திரையைப் புதைத்துக் கொடுத்தால் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டாள். குழுவில் சொன்னபடியே பசி வந்தது. எங்கள் தட்டுகளுக்கு நடுவில் வந்து நின்று, மடிந்த காதைத் தூக்கப் பார்த்து, எச்சில் ஒழுக நின்றாள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ கம்ப்யூட்டர்ல தேடு. நான் அடுப்புல தேடறேன். ரத்தம் ஊற வைக்கறது எனக்குத் தெரியாதா?"

எங்கள் வீட்டில் ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டிதான் மருந்து. ஆட்டின் மண்ணீரல். நான் வயதுக்கு வந்தபோது தினமும் வதக்கிக் கொடுத்தாள், சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்தபோதும் அதேதான். மட்டன் கடையில் சொல்லிவைத்து, வேலைக்குப் போகும் முன்பே வாங்கிவந்து விடுவாள். சுவரொட்டிக்குச் சரிக்குச் சரி சின்ன வெங்காயம். இரண்டையும் பொடியாக நறுக்கி, மிளகாய் இல்லாமல், எண்ணெயில் சுருளச் சுருள வதக்கி, சோற்றில் பிசைந்து, சூடு ஆறுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்து வைப்பாள். நாய் தட்டை நக்கித் தரையோடு தள்ளிக்கொண்டே போகும். ஆறு நாள் இப்படி. அந்த வாசனையில் நான் அலுவலகம் கிளம்புவேன். எனக்கும் அது ஆரோக்கியத்தின் வாசனையாகத்தான் இருந்தது.

ஏழாம் நாள் காலை அப்பா அட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"அரை சொட்டு எறங்கிருச்சி."

"மேகமூட்டமா இருக்குதுப்பா. வெளிச்சம் கம்மி."

"வெளிச்சம் எனக்குத் தெரியாதா? நான் கலரு பாத்துப் பாத்து அடிக்கிறவன், கண்ணு. மூணு நாளாவே மஞ்சளும் கலக்குது. நான் சொல்லல, உனக்குத் தெரியும்னு இருந்தேன்."

மூன்று நாளுக்கு முந்தைய ரத்தச் சோதனையில் அளவு ஏறியிருந்தது. தாளில் எண்ணாக இருந்தது. எண்ணை நம்பினேன். நோட்டில் 'இரண்டு, நேற்றுப் போலவே' என்று எழுதிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டினாள். அட்டை தேவைப்படவில்லை. அப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ நிறுத்தத்துக்கு ஓடினார். தலை அவர் முதுகுப்பக்கம் தொங்கி ஆடியது. நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். ஓடும்போதும் அம்மா, "நேத்துகூட நல்லா சாப்பிட்டாளே, நல்லா சாப்பிட்டாளே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் நேராக அம்மாவைப் பார்த்தார்.

"ஊட்டக்கே ஏனு கொட்ரி?" சாப்பிட என்ன கொடுத்தீர்கள்?

அம்மாவுக்கு அந்தக் கேள்வி பெருமையாக இருந்தது. முதல்முறையாக அவளிடம் ஒன்று கேட்கிறார். கன்னடத்திலேயே விளக்கமாகச் சொன்னாள். சுவரொட்டி எங்கே வாங்கினாள், எப்படிக் கழுவினாள், எப்படி வதக்கினாள்.

"ஈருள்ளி ஹாகித்ரா?"

வெங்காயம் போட்டீர்களா என்று கேட்கிறார். "ஹாகிதே சார், தும்பா" என்றாள் அம்மா. நிறையப் போட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாய்க்கு வெங்காயம் விஷம், ரத்த அணுக்களை உடைக்கும், ஏற்கனவே உடைந்துகொண்டிருக்கும் ரத்தத்தில் நீங்களும் சேர்ந்து உடைத்திருக்கிறீர்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படிக்கவில்லையா? எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்களே."

தாள் என் பையில்தான் இருந்தது. எடுத்து, மடிப்பைப் பிரித்தேன். அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே, சாப்பாடு என்ற தலைப்பில், முதல் வாக்கியமே அதுதான். வெங்காயம், பூண்டு, பச்சையாகவோ வேகவைத்தோ, எந்த அளவிலும் கூடாது.

மடித்த இடத்தில் தாள் நைந்துபோயிருந்தது.

இன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மாலை வரை தாங்குவது கஷ்டம். நாய்க்கு ரத்த வங்கி கிடையாது. பெரிய நாயாக, நோயில்லாத நாயாக, ஊசி எல்லாம் போட்ட நாயாக ஒன்று வேண்டும். நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

வெளியே வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான்தான் கொன்னுட்டேனாடி?" என்றாள். என் கையிலிருந்த தாளை அப்பா பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நாணயம் போடும் போன் வாசலில் இருந்தது. அங்கே ஓடினேன்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் என் இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. "மேடம், நான், மெயில்ல, எங்க நாய்க்கு…" என்று தமிழில் உளறினேன். அழுகையும் வந்துவிட்டது.

"யாரு, தொம்மலூர் பொண்ணா? ஏம்மா, பதினஞ்சு நாளா நம்பர வச்சிக்கிட்டு பூஜையா பண்ணிட்டிருந்தே? அழாத, அழாத. ரத்தம் வேணுமா, வேணாமா? அத மொதல்ல சொல்லு."

"வேணும்."

"எந்த டாக்டர்? ம், தெரியும். என்கிட்ட ஒரு தடியன் இருக்கான், சும்மா தின்னுட்டுத் தூங்கறான். கூட்டிட்டு வரேன். நீ அங்கேயே இரு."

முக்கால் மணிநேரம். அந்த முக்கால் மணிநேரத்தில் நான் எத்தனை முறை உள்ளே போய் அவள் விலா ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன் என்று தெரியாது. ஏறும். அடுத்தது ஏறுவதற்குள் என் மூச்சு நின்றிருக்கும்.

பழைய வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. போனில் பேசிய அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் போட்டிருந்த பூப்போட்ட கவுன் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பியிருந்தார். பின் சீட் முழுவதையும் அடைத்துக்கொண்டு கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாய். அது இறங்கியதும் நேராக அம்மாவிடம் போய், அவள் புடவையிலிருந்த சுவரொட்டி வாசனையை மோந்து பார்த்து, தலையை அவள் இடுப்பில் வைத்து முட்டியது. அம்மா அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. அந்த முரட்டுத் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுங்கம்மா, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார் அந்த அம்மா. என் அம்மாவை அவர் 'வாங்க போங்க' என்று பேசியது என் காதில் விழுந்தது. அந்த நேரத்திலும் விழுந்தது.

டாக்டர் இரண்டு நாய்களின் ரத்தத்திலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் சேர்த்தார். ஆட்டினார். நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

"திரியல" என்றார் அப்பா.

டாக்டர் இன்னும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அப்பாவைப் பார்த்து, "ஹௌது" என்றார். ஆமாம்.

கறுப்பு நாயின் கழுத்திலிருந்து ரத்தம் பைக்கு இறங்கியது. அது பிஸ்கட்டைத் தின்றுகொண்டு படுத்திருந்தது. பிறகு அந்தப் பை எங்கள் நாயின் பக்கத்தில் கம்பியில் தொங்கியது. சொட்டு, சொட்டாக. வேகமாக விட்டால் உடம்பு நிராகரித்துவிடும், நடுக்கம் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். நடுப்பகல். வராந்தா பெஞ்சில் நாங்கள். கதவு வழியாக அவள் காலும் குழாயும் தெரிந்தன. அவள் தோல் லேசாகத் துடித்தால்கூட நான் எழுந்தேன். ஈ உட்கார்ந்திருக்கும்.

"உங்க நாய் இப்ப எப்படி இருக்குது?" அதுவரை கேட்கப் பயந்ததை அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"போயிடுச்சும்மா. ஒம்போதாவது நாள். ரத்தம் குடுக்க நாய் தேடிக்கிட்டே இருந்தேன், கெடைக்கல. அதுக்கப்புறம்தான் இந்தத் தடியன வளத்தேன். இதுவரைக்கும் மூணு பேருக்குக் குடுத்திருக்கான்." சொல்லிவிட்டுத் தன் நாய்க்குத் தண்ணீர் காட்டப் போனார். அந்த மூன்றில் எத்தனை பிழைத்தன என்று நான் கேட்கவில்லை.

அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள். "நான்தான், இந்தக் கையாலதான்…"

"நீ இல்லம்மா" என்றேன்.

தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன். எனக்குள் முதலில் படித்துப் பார்க்காமல், சத்தமாக, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கிச் சொன்னேன். அந்த வரி வந்தது. அதையும் சொன்னேன். பல நாய்கள் முதல் சில வாரங்களைத் தாண்டுவதில்லை. இங்கேதான் நிறுத்தினேன் என்றேன். பிறகு அடுத்த வாக்கியம். வெங்காயம், பூண்டு.

உள்ளே பையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எது அந்த வரி? காட்டு" என்றாள் அம்மா.

காட்டினேன். ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தாள்.

"வெங்காயம் எங்க?"

காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் அவள் விரல்களை வைத்து அளந்தாள். அடுப்படியில் வேலை செய்து தடித்த விரல்கள்.

"ரெண்டு வெரல்தான்டி."

"பயந்துட்டேன்மா."

"எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களும் பயந்திருப்போம். மூணு பேரும் சேந்து பயந்திருக்கலாம் இல்ல?"

அவள் அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். அந்தக் கோபம் எங்கள் வீட்டில் பல நாள் இருந்தது. அப்பா அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பை பாதி இறங்கியிருந்தது. வெளியே வந்து, "ஒரு சொட்டு" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தோம். மாத்திரையைக் கால் காலாகக் குறைத்து முடிக்க ஒன்பது மாதம் ஆனது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் அடுத்த மூன்று காலைகள் எங்களுக்கு நரகம். பிரேசர் டவுன் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார், அவர் தடியனுக்கு என் அம்மா வெங்காயம் போடாத சுவரொட்டி வதக்கிக் கொடுத்தனுப்புவாள். பிறகு அந்தக் குழுவுக்குப் புதிதாக யாராவது எழுதினால், நானும் பதில் எழுதினேன். தாளைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள் என்று. ஏன் என்று எழுதியதில்லை.

மருந்து நின்ற பிறகும் பயம் நிற்கவில்லை. அந்த நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று தாளின் கடைசி வரியில் இருந்தது. அதையும் அன்றைக்கே வராந்தாவில் வாசித்திருந்தேன். எங்கள் மூவருக்கும் தெரியும். அதனால் காலையில் வாசல் கதவை அதன் பிறகு நான் தனியாகத் திறந்ததில்லை. அம்மா அவள் தலையைப் பிடித்துக்கொள்வாள், நான் உதட்டைத் தூக்குவேன், அப்பா கீறல் விழுந்த அட்டையை வைத்துக்கொண்டு குனிவார். அவர் வாயைத் திறக்கும் வரை மூன்று பேரும் பயந்துகொண்டிருப்போம். அவள் மட்டும் பொறுமையில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

"நேத்து கலர்தான்" என்பார் அப்பா.

அதன் பிறகுதான் பல் துலக்கப் போவேன்.